அளவையும் ஆசிரியர் கடமையும்

சிவமயம்

சைவ ஆசிரியப் பெருமக்களே!

திருக்கோயிலுட் புகுவோர் முதலிலே கோபுர வாயிலைக் கடத்தல் போலச் சாத்திரத்துட் புகுவோரும் ஒரு வாயிலைக் கடத்தல் வேண்டும். அவ்வாயில் அளவையியல் எனப்படும். மெய்கண்ட தேவநாயனாரின் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டிலே சிவஞான சித்தியாரை அருளிச்செய்தார். பரபக்கத்திலே பிறர் மதங்களை ஆராய்ந்து முடித்தபின், சுபக்கத்திலே தம் மதத்தை நிறுவப் புகுந்தார். புகுந்தவர் இறைவனிலக்கணத்தை உடனே எடுத்துக் கூறினாரல்லர், உயிரினிலக்கணத்தையும் கூறினாரல்லர். ஒரு பொருளை உண்டென்று நாம் அறிவது எதனால் என்னும் வினாவுக்கே முதற்கண் விடை வகுத்தார். பதி, பசு, பாசம் என்னும் மூன்றையும் நிறுத்துக் காட்டுதற்கு முன்னே நிறுக்குந் துலாக்கோலை நேர்செய்து கொண்டார் என்க.

இவ்வைப்பு முறையினுள்ளே ஆசிரியராகிய நமக்கு ஓர் அறிவுறுத்தல் உண்டு. சைவநெறிப் பாடவேளையிலே, கடவுள் ஒருவர், உயிர்கள் பல, மலங்கள் மூன்று என்று கற்பிக்கின்றோம். மாணாக்கர் அவற்றைப் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். பரீட்சையிலே நல்ல புள்ளியும் பெறுகின்றனர். ஆயின் அவருள் ஒருவனை நிறுத்தி, "இதனை நீ எங்ஙனம் அறிந்தாய்?" என்று வினாவினால், "ஆசிரியர் சொன்னார்" என்பதன்மேல் ஒரு விடையும் பிறப்பதில்லை. அருணந்தியார் முதலில் வைத்தது, பல வகுப்பறைகளிலே ஈற்றிலும் வைக்கப்படாதொழிகின்றது. இக்குறை சமயபாடம் ஒன்றினையே தொடுவதன்று. நாம் பிற சமயத்தாரோடு கலந்து வாழும் ஊரின் அமைதியையும் தொடுவது. அஃது எங்ஙனம் என்பதனைக் கூறுதும்.

அளவை என்பது அளக்குங் கருவி. வடநூலார் அதனைப் பிரமாணம் என்பர். அளக்கப்படும் பொருள் பிரமேயம், அளப்பது உயிர், அளத்தலாற் பெறும் பயன் அறிவு. அரிசியைக் கொத்தினாலும் சீலையை முழக்கோலாலும் அளக்கின்றோம். கொத்துக் குறையுடையதாயின், அளப்பவன் எத்துணை நேர்மையாளனாயினும் கணக்குப் பிழைபடும். அறிவினுக்கும் அஃதொக்கும்.

இக்கருவிகள் எத்தனை என்பதிலே நம் நாட்டுத் தத்துவ ஆசிரியர் நெடுங்காலம் வழக்கிட்டனர். காண்டல் ஒன்றே அளவை என்றான் உலகாயதன். காண்டலோடு கருதலையுஞ் சேர்த்து இரண்டென்றனர் பௌத்தரும் வைசேடிகரும். உரையையுங் கூட்டி மூன்றென்றனர் சாங்கியர். ஒப்பினைக் கூட்டி நான்கென்றனர் நையாயிகர். மீமாஞ்சகருள்ளே பிரபாகரர் பொருள் என்னும் அருத்தாபத்தியைக் கூட்டி ஐந்தென்றும், பாட்டர் அபாவத்தையுங் கூட்டி ஆறென்றும் கொண்டனர். ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என்பவற்றையுஞ் சேர்த்துப் பத்தென்பாரும் உளர். மணிமேகலைக் காப்பியத்திலே, வஞ்சி நகரத்துச் சமயக்கணக்கரிடம் அவரவர் மதங்கேட்கச் சென்ற மணிமேகலைக்கு வைதிக அளவைவாதி முதலில் எடுத்துரைப்பதும் இப்பத்தினையே. வழிப்போக்கர்க்கும் சமயவாதிகளுக்கும் முதற்பேச்சாக அளவையே நின்ற காலம் ஒன்று தமிழகத்தில் இருந்ததென்பது இதனாற் புலப்படும்.

சித்தியார் இப்பத்தினையும் கேட்டு, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என முடித்தது. பகலிலே உண்ணாத ஒருவன் பருத்திருத்தலைக் கண்டு, இவன் இரவிலே உண்கின்றான் என்று கொள்வது பொருளளவை எனப்படும். அது கருதலின் வேறன்று. இம்மரத்திலே பேயுண்டு என்று ஊரார் வழிவழிச் சொல்லிவருவது ஐதிகம் எனப்படும். அஃது அளவையாகத் தகுமாயின் உரையிலே அடங்கும், தகாதாயின் ஒன்றுமன்றாம். இப்பேய்மர உதாரணத்தை ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னரும் இதனிடத்தே வருதும்.

இனிக் காட்சியை ஆராய்வாம். ஐயமும் திரிவும் நீங்கிய அறிவே குற்றமற்ற காட்சியாம். மாலையிருளிலே தூரத்தில் நிற்பதனைக் கட்டையோ மகனோ என்று இருபாற்படக் கருதுதல் ஐயம். கிடந்த கயிற்றைப் பாம்பென்று துணிந்து ஓடுதலும், மின்னிய இப்பியை வெள்ளியென்று துணிந்து குனிதலும் திரிவு. ஐயமுற்றவன் நின்று நோக்குவான். ஆதலின் அவனுக்கு உய்தியுண்டு. திரிவுற்றவனோ தான் தெளிந்தவன் என்றே எண்ணுவான்; ஆதலின் அவனைத் திருத்துதல் அரிது.

காட்சியிலே இருநிலைகள் உள. ஏதோ ஒன்று உளது என்ற மாத்திரையிலே தோன்றுவது நிருவிகற்பக் காட்சி. அதனைப் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தனாற் பகுத்து, இது மாமரம், இது பசுமையுடையது, இது காற்றிலசைகின்றது என்று உணர்வது சவிகற்பக் காட்சி. இவ்விரண்டினுள் எது மெய்க்காட்சி என்பதிலே பெருவழக்கு நிகழ்ந்தது. காஞ்சிப் பக்கத்திற் பிறந்தவர் என்று திபேத்திய வரலாறு கூறும் பௌத்த ஆசிரியராகிய திந்நாகர், கற்பனை கலவாத முதல்நிலையே காட்சி என்றார். 7ஆம் நூற்றாண்டினராகிய தருமகீர்த்தியார், அது திரிபற்றதாயும் இருத்தல் வேண்டும் என்று வரையறை செய்தார். நையாயிகர் இருநிலையும் காட்சியே என வாதித்தனர். சைவ உரையாசிரியரும் இரண்டனையும் காட்சியின் படிகளாகவே விளக்குவர். சித்தியாருக்கு உரைகண்ட அறுவருள் ஒருவர் போர்த்துக்கீசர் காலத்திலே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியினின்றும் பாரத நாட்டுக்குச் சென்ற ஞானப்பிரகாச முனிவர் என்பது ஈழத்தவராகிய நாம் பெருமையுடன் நினைத்தற்குரியது.

இவ்வழக்கிலே யார் பக்கம் நிற்பினும் ஒரு முடிபு எல்லார்க்கும் பொதுவாம். கண் தருவது ஒன்று. பெயர் தருவது மற்றொன்று. இரண்டிற்கும் இடையே ஒரு படியுண்டு. அப்படியிலேதான் மனிதர் வழுக்கி வீழ்கின்றனர். யாம் மிஷனரிமார் நாட்டிய பாடசாலையொன்றிலே பயின்ற காலத்து, பௌதிக ஆய்வுகூடத்திலே, "கண்டதை ஒரு பக்கத்திலும் எண்ணியதை மறுபக்கத்திலும் எழுதுக" என்று ஆசிரியர் விதிப்பார். அது மேனாட்டார் கண்ட புதுவிதி என்றே மாணாக்கர் எண்ணியிருந்தோம். பின்னாளிலே சித்தியாரைப் பாடங்கேட்டபொழுது, அவ்விரு பக்கங்களும் நிருவிகற்பம், சவிகற்பம் என்னும் பெயருடன் நம் வீட்டிலேயே கிடந்தன என்று கண்டோம்.

இது வகுப்பறையோடு ஒழியும் நுட்பமன்று. 2018ஆம் ஆண்டு பெப்புருவரி மாத இறுதியிலே, அம்பாறை நகரத்திலே முஸ்லிம் ஒருவர் நடாத்திய உணவுச்சாலையில் உண்ணவந்த ஒருவர் தம் உணவிலே வெண்ணிறக் கட்டியொன்றைக் கண்டார். கண்ட அளவிலே அது கருவளத்தைக் கெடுக்கும் மாத்திரை என்று கூக்குரல் எழுந்தது. உணவுச்சாலை தாக்கப்பட்டது; பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வாளர் அதனைச் சோதித்தபோது, மருந்தொன்றும் அதிலில்லை, அது வெறும் மாக்கட்டியே என்பது தெளிவாயிற்று.

ஆசிரியர்களே, இந்நிகழ்ச்சியை அளவை நூலின் கண்கொண்டு நோக்குங்கள். வெண்மையைக் கண்டது மெய். கட்டியென்று உணர்ந்ததும் மெய். மாத்திரை என்னும் பெயரைக் கண் தரவில்லை; முன்னரே செவிவழிப் புகுந்து நெஞ்சிலே கிடந்த வதந்தி தந்தது. இப்பியை வெள்ளியென்றவன் ஆசையால் மயங்கினான். மாவை மருந்தென்றவர் பகையால் மயங்கினர். கண்ணுக்கும் பெயருக்கும் இடையேயுள்ள படியிலே ஒரு கணம் நின்றிருப்பாராயின் ஒரு கடையும் ஒரு பள்ளிவாசலும் தப்பியிருக்கும்.

இனிக் கருதலாவது, விட்டு நீங்காத தொடர்புடைய ஏதுவினைக்கொண்டு மறைந்த பொருளை அறிதல். இத்தொடர்பு அவிநாபாவம் எனப்படும். புகை நெருப்பை விட்டு நில்லாது. ஆதலின் புகையைக் கண்டு நெருப்பை அறிகின்றோம். எல்லாரும் அறிந்த இவ்வுதாரணத்தைக் கற்பித்தற்குக் கண்டியிலும் சிறந்த ஊர் இல்லை என்னலாம். விடியற்காலத்து ஹந்தானை மலைச்சாரலிலே தேயிலைச் செடிகளின்மேல் வெண்டிரை போற் பனி எழுகின்றது. லயங்களின் அடுப்புப் புகையும் அதனோடு கலக்கின்றது. தூரத்தே நின்று நோக்கும் பிள்ளை அதனைப் புகையென்று துணிந்து, ஆங்கே நெருப்புண்டு என்பானாயின், அவன் ஏது ஐயத்தினாற் கெட்டது. மணிமேகலையிலே அறவணவடிகள் காஞ்சியில் எடுத்துரைக்கும் ஏதுப்போலிகளுள்ளே, ஆவியோ பனியோ புகையோ என்று தெளியாதிருக்கும்போதே நெருப்புண்டெனத் துணிதல் ஒரு குற்றமாக வைக்கப்பட்டிருக்கின்றது. காவியத்து உதாரணம் நம் பாடசாலைச் சாளரத்துக்கு வெளியே நாடோறும் எழுந்து மறைகின்றது.

மற்றோர் உதாரணமும் உண்டு. நியாய சூத்திரத்துக்குப் பாடியஞ் செய்த வாற்சியாயனர், ஆறு பெருகுதலைக் கண்டு மேலே மழை பெய்தது என்று அறிதலைக் காரியத்தாற் காரணத்தை அறியும் கருதலுக்குக் காட்டாக வைத்தார். பேராதனைப் பூந்தோட்டத்தை வளைந்தோடும் மகாவலி கங்கையிலே செந்நீர் பொங்குதலைக் காணும் பிள்ளை, தன் தலையின்மேல் வெயில் எறிப்பினும், மேலே மலைநாட்டிலே மழையென்று சொல்வான். 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக் கடலிலே கலக்கும் அவ்வாற்றின் நீரைக் கீழ்நாட்டிலே காண்பவனும் அவ்வாறே சொல்வான்.

ஆயின் இக்கருதல் எப்பொழுதும் செல்லுமோ? நியாய சூத்திரத்திலேயே எதிர்வாதி ஒருவன் இதனை மறுக்கின்றான். ஆற்றிடையே அடைப்பு நேர்ந்தாலும் நீர் பெருகுமன்றோ என்பது அவன் வினா. அதற்கு விடையாக, வெறும் பெருக்கு ஏதுவன்று; விரைந்த ஓட்டமும் நுரையும் இலையும் மரத்துண்டும் அடித்துவரும் சிறப்புப் பெருக்கே ஏதுவாம் என்று நூலார் வரையறுத்தனர். இந்நாளிலே கொத்மலை நீர்த்தேக்கம் மகாவலியின் கிளையாறொன்றிலே கட்டப்பட்டு 1985ஆம் ஆண்டு முதல் நிற்கின்றது. அதன் வான்கதவு திறக்கப்படினும் கீழே நீர் உயரும். ஆகவே ஏதுவை மேலுஞ் சோதித்தே இக்காலத்துப் பிள்ளை முடிபு கூறல் வேண்டும். தன் கருதலுக்குத் தானே தடை எழுப்பித் தானே விடை தேடுவதே கருதலளவையின் ஒழுக்கமாம்.

ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. சித்தியார் ஏதுவை இயல்பு, காரியம், அநுபலத்தி என மூன்றாக வகுத்தது. பௌத்த தருக்கத்தை நிலைநாட்டிய தருமகீர்த்தியாரின் வகுப்பும் இம்மூன்றே. பரபக்கத்திலே பௌத்தர் நால்வரையும் தனித்தனி எடுத்து மறுத்த அதே ஆசிரியர், அவர் தீட்டிய கருவியை வேண்டாவென்று வீசினாரல்லர். கொள்கையை மறுத்தார், கூரிய கருவியைக் கைக்கொண்டார். தலதா மாளிகையின் மணியோசையும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் மணியோசையும் பள்ளிவாசல் பாங்கோசையும் தேவாலயத்து மணியோசையும் ஒருங்கு கேட்கும் நகரிலே பணிசெய்யும் சைவ ஆசிரியருக்கு இதனினும் சிறந்த நடைவழி வேறு யாது?

மூன்றாவது அளவை உரை. காட்சிக்கும் கருதலுக்கும் எட்டாத பொருளை உணர்த்துவது இது. இதனைத் தனியளவையாகப் பௌத்தர் கொள்ளார். புத்தர் காலாமர் என்னும் மக்கட்குக் கூறிய சுத்தத்திலே, வழிவழிக் கேட்டது என்பதனாலும், நூலிலுள்ளது என்பதனாலும், நம் குரு சொன்னார் என்பதனாலும் ஒன்றினைக் கொள்ளற்க என்று பத்து வாயில்கள் விலக்கப்படுகின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தத்துவப் பேராசிரியராயிருந்த கே. என். ஜயதிலக்க அவர்கள் ஆதி பௌத்தரின் அறிவுக் கொள்கையைப் பற்றி 1963ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கிலப் பெருநூல், இப்பொருளை ஆராய்வோர் இன்றும் எடுத்து நோக்கும் நூலாம். நம் ஊரின் அயலிலே பிறந்த அறிவுப்பணி ஆதலின் அதனைச் சைவ ஆசிரியரும் அறிதல் நன்று.

அங்ஙனமாயின் சைவர் உரையை அளவையென்பது பற்றியோ ஆராய்ச்சியின்மை பற்றியோ எனின், அன்று. எல்லாவுரையும் அளவையென்று யாரும் கூறிற்றிலர். ஆத்தன் உரையே அளவை. ஆத்தன் யாவனெனின், பொருளைத் தான் நேரே அறிந்தவனாயும், அறிந்தவாறே பிறர்க்கு உரைக்கும் விருப்பமுடையவனாயும் உள்ளவன் என்று வாற்சியாயனர் கூறுவர். அறிவின்மையும் வஞ்சனையும் ஆகிய இரண்டும் நீங்கியவன் என்றபடி. அவ்வாசிரியர் அதனோடு நின்றாரல்லர். இவ்விலக்கணம் இருடிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒப்பப் பொதுவென்றும் கூறினார். எத்துணை விரிந்த நெஞ்சு! வயலைப்பற்றி அறிந்த சிங்கள உழவரும், சரக்கைப்பற்றி அறிந்த முஸ்லிம் வணிகரும், நோயைப்பற்றி அறிந்த கிறித்துவ வைத்தியரும் தாம் அறிந்த பொருளிலே நமக்கு ஆத்தராவர். நம் இனத்தவனாயினும் நம் சமயத்தவனாயினும், தான் காணாததைக் கண்டதாகச் சொல்பவன் ஆத்தனாகான்.

இப்பொழுது பேய்மரத்தினிடத்தே மீள்வாம். முதலிற் சொன்னவன் யாவன் என்று அறியப்படாமல் வாய்க்கு வாய் வருஞ் சொல்லே ஐதிகம். முற்காலத்திலே அது கிணற்றடியிலும் சந்தையிலும் நடந்தது. இக்காலத்திலே கைத்தொலைபேசியிலே பறக்கின்றது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே நம் கண்டி மாவட்டத்திலே நிகழ்ந்ததை மறந்தாரும் உளரோ? வீதியிலே நேர்ந்த பிணக்கொன்றில் தாக்குண்ட சாரதி ஒருவர் இறந்தார். அத்துயரத்தின்மேல் வதந்திகள் சமூக வலைத்தளங்களின் வழியே எரிநெய்போல் ஊற்றப்பட்டன. திகன, தெல்தெனிய முதலிய இடங்களிலே முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின, உயிர்களும் மாண்டன. நாடெங்கும் அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. சமூக வலைத்தளங்கள் சிலநாள் தடுக்கப்பட்டன.

அரசாங்கம் வலைத்தளத்தைத் தடுக்கலாம். மனிதர் செவியைத் தடுத்தல் யாராலும் ஆகாது. செவிக்குக் காவல் அளவையறிவு ஒன்றேயாம். "இதனை முதலிற் சொன்னவர் யார்? அவர் நேரே கண்டவரா? கண்டவாறே சொல்பவரா?" என்னும் மூன்று வினாக்களை ஒரு பிள்ளை தன் வாலிபத்திலே பழகியிருப்பானாயின், அவன் கையினின்றும் ஒரு பொய்ச்செய்தி அடுத்த கைக்குச் செல்லாது. தீயை அணைக்க நீர் கொண்டோடுவதும் தொண்டே. தீப்பொறியைக் கையிலேயே அணைத்துவிடுவது அதனினும் பெரிய தொண்டன்றோ!

இவ்வாறு பிள்ளைகளுக்கு வினாவக் கற்பித்தால் அவர்கள் கடவுளையும் வினாவார்களோ என்று சில ஆசிரியர் அஞ்சுகின்றனர். அஞ்சற்க. வினாவுக்கு அஞ்சும் சமயம் நம் சமயமன்று. நையாயிகர் வகுத்த பதினாறு பதார்த்தங்களுள்ளே பிரமாணம், பிரமேயம் என்பவற்றுக்கு அடுத்ததாக வைக்கப்பட்டது ஐயமே. ஐயமில்லையேல் ஆராய்ச்சி தோன்றாது. குடத்தைக் கண்டு குயவனை அறிதல்போல, தோன்றி நின்று அழியும் உலகத்தைக் கண்டு அதனைத் தொழிற்படுத்தும் முதல்வனைக் கருதலளவையால் நிறுவுவதே மெய்கண்டார் மரபு. அங்ஙனம் நிறுவியபின், அம்முதல்வனின் இயல்பையும் வீட்டின் இயல்பையும் கருதல் முற்ற உணர்த்தமாட்டாதாகலின் அவனருளிய வேதசிவாகமங்கள் வேண்டப்பட்டன. மலமில்லாத முதல்வன் ஒருவனே அறியாமையும் வஞ்சனையும் முழுவதும் இல்லாதவன். ஆதலின் அவனே பரம ஆத்தன். உரையளவை நம் சமயத்திலே ஆராய்ச்சி முடிந்த இடத்திலே தொடங்குவது. ஆராய்ச்சியைத் தடுக்குஞ் சுவரன்று.

இன்னும் ஒருபடி உள்ளே செல்வாம். காண்டல், கருதல், உரை என்பன கருவிகள் என்றோம். கருவி தானே அறியுமோ? அறியாது. ஆன்மாவின் சிற்சத்தியே உண்மையான அளவை என்பது சித்தாந்தத் துணிபு. ஏனையவை அச்சத்தி செல்லுஞ் சாளரங்கள். ஆதலாற்றான் காட்சியையும் இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நால்வகையாக நூலார் வகுத்தனர். பொறிவழி காண்பதும், மனத்தாற் காண்பதும், இன்பதுன்பங்களை உயிர் தன்னகத்தே உணர்வதும், யோகியர் சமாதியிலே காண்பதும் யாவும் காட்சியேயாம். இக்கொள்கை ஆசிரியத் தொழிலின் இலக்கணத்தையே மாற்றுகின்றது. மாணாக்கன் வெறுங்குடமல்லன், ஆசிரியர் நீர் ஊற்றுபவருமல்லர். அறியும் ஆற்றல் அவ்வுயிரினிடத்தே உளது. ஆசிரியர் விளக்கேந்தி நிற்பவர். விளக்கு எத்துணை ஒளிவிடினும் காணவேண்டியது பிள்ளையின் கண்ணே. "ஆசிரியர் சொன்னார்" என்று மாத்திரம் சொல்லும் பிள்ளை, விளக்கைக் கண்டு பொருளைக் காணாதவன்.

கண்ணுக்கும் விளக்குக்கும் மேலாக ஒன்று வேண்டும். ஆணவம் என்னும் இருள் உயிரை மறைத்து நிற்கின்றது. புறவிருள் பொருள்களை மறைத்துத் தான் இருளென்று தன்னைக் காட்டும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே உணர்த்தும் கருத்து இது. இருட்டறையில் நிற்பவன் தான் காணவில்லை என்பதனை அறிவான். ஆணவத்தால் மறைப்புண்டவன் தான் காணாமையையே அறியான். மாவை மருந்தென்ற கூட்டத்தின் நிலையும், வதந்தியை மெய்யென்று தீக்கொளுத்தியவர் நிலையும் இதுவே. அவர் எம்மதத்தவர், எவ்வினத்தவர் என்பது ஈண்டுப் பொருளன்று. அவ்விருள் நம்முள்ளேயும் உண்டு. திருவருள் ஒளியின்றி அது முற்ற நீங்காது. ஆகவே அளவை ஆராய்வோர் செருக்கடைதற்கு இடமில்லை. நுண்ணிய தருக்கம் கற்றவனும், "நான் காண்பது சிறிது; காட்டுவான் ஒருவன் உளன்" என்னும் பணிவோடு நிற்றல் வேண்டும்.

இனி, ஆசிரியர் நாடோறும் செய்யத்தக்கன சில சொல்லி முடிப்பாம்.

ஒன்று: எப்பாடத்திலாயினும் வாரத்துக்கு ஒருமுறையாவது, சரியான விடை கூறிய மாணாக்கனையே நோக்கி, "எங்ஙனம் அறிந்தாய்?" என வினாவுக. பிழையாக விடை கூறியவனை மாத்திரம் அவ்வாறு வினாவினால் அது தண்டனைபோலத் தோன்றும். கண்டறிந்தானா, கருதியறிந்தானா, கேட்டறிந்தானா என்று அவனே பகுத்துச் சொல்லப் பழகுக.

இரண்டு: கண்டதற்கும் பெயரிட்டதற்கும் இடையேயுள்ள படியைக் காட்டுக. மலைமேல் எழுவது யாது என்று வினாவி, "வெண்மையாக ஏதோ எழுகின்றது" என்று முதலிற் கூறச்செய்து, அதன்பின் பனியோ புகையோ என்று ஆராயச் செய்க. இதற்குப் பொருட்செலவு இல்லை. சாளரத்தைத் திறந்தாற் போதும்.

மூன்று: கேட்ட செய்திக்கு ஆத்தன் யாவன் என்று தேடச்செய்க. கைத்தொலைபேசியில் வந்த செய்தியொன்றை எடுத்து, முதலிற் சொன்னவரைக் கண்டுபிடிக்குமாறு ஏவுக. கண்டுபிடிக்க இயலாதவிடத்து, "இது பேய்மரம்" என்று கரும்பலகையிலே எழுதுக. பிள்ளைகள் சிரிப்பர், மறவார்.

நான்கு: ஒருவனது உரையைக்கொண்டு அவனறிவின் அளவைக் கருதியறியலாம் என்று நூல்கள் கூறும். பரீட்சை என்பது இக்கருதலே. மனப்பாடமாக ஒப்புவித்த சொல், அறிவுக்கு ஏதுவாகாது. கிளியின் சொல்லும் அதுபோன்றதே. தன் சொல்லாலே, தான் கண்ட உதாரணத்தோடு மாணாக்கன் கூறுவதே ஏதுவாம். வினாத்தாள் வகுப்போர் இதனை மனங்கொள்க.

ஐந்து: இவையனைத்துக்கும் மேலாக, ஆசிரியர் தாம் ஆத்தராயிருத்தல் வேண்டும். தாம் அறிந்ததனை அறிந்தவாறும், அறியாததனை அறியேன் என்றும் வகுப்பின் நடுவே கூறும் ஆசிரியரைப் பிள்ளைகள் இகழார். அவர் சொல்லே பின்னாளில் அவர்க்கு அளவையாகும். நேற்று ஒரு வதந்தியை மெய்யெனச் சொன்ன நாவினால் இன்று சிவபெருமானின் பெருமையைச் சொன்னால், கேட்கும் பிள்ளை இரண்டனையும் ஒரே தட்டில் இட்டு நிறுப்பான் அல்லனோ? திருமுறை ஓதும் வாய்க்குச் சந்தைச் சொல் தகாது.

ஆசிரியப் பெருமக்களே, சமயத்தைக் காத்தல் கோயிற்றிருப்பணி ஒன்றாலே முடிவதன்று. பொய்யை மெய்யினின்றும் பிரித்தறியும் நெஞ்சினைப் பிள்ளைகளிடத்தே கட்டுதலும் திருப்பணியே. அங்ஙனம் கட்டப்பட்ட நெஞ்சிலே சிவபெருமான் குடிகொள்ளுதற்கு இடம் விரியும். அயலவன் அஞ்சாது வாழ்தற்கும் இடம் விரியும். அருணந்தி சிவாசாரியார் தம் நூலின் வாயிலிலே வைத்த துலாக்கோலை நம் வகுப்பறையின் வாயிலிலே தூக்குவோமாக.

மெய்கண்ட சந்தானம் வாழ்க.

திருச்சிற்றம்பலம்.